இமயத்துக் கவரியும் எம்பெருமான் சாமரையும்

திருவிழாக் காலத்தே எம்பெருமான் வீதியில் எழுந்தருளும்போது, இருமருங்கும் வெண்சாமரை இரட்டக் கண்டு கைகூப்புகின்றோம். அச்சாமரை எங்கிருந்து வந்தது என்று எண்ணியதுண்டோ? அது இமயத்துக் கவரியின் வால்மயிர்.

சங்கச் சான்றோராகிய முடமோசியார், வள்ளல் ஆயைப் பாடிய புறநானூற்று 132-ஆம் பாட்டில், இமயத்தில் நரந்தம்புல் மேயும் கவரியைக் குறித்தார். பிற்காலத்தார் அதனை மான் என மயங்கினர். அது மானன்று, சடைபோல் மயிர் தாழ்ந்த மாட்டினம்.

4,000 மீட்டருக்கு மேற்பட்ட திபெத்து மேட்டுநிலத்தில் மரம் அரிது, காற்றும் நொய்து. பெரிய நுரையீரலும் அடர்ந்த மயிரும் உடைய கவரியே அங்கு வாழ்வார்க்கு உயிர்த்துணை. பால் உணவாகும், வெண்ணெய் தேநீருக்கும் விளக்குக்கும் ஆகும், மயிர் கூடாரமாகும். விறகில்லாத அந்நிலத்தில் உலர்ந்த சாணமே அடுப்பெரிக்கும். திருக்கயிலையை வலம்வருவோர் சுமையை, 5,600 மீட்டர் உயர்ந்த டோல்மா கணவாய் கடந்து சுமப்பதும் அதுவே.

1962-இல் எல்லை அடைபட்டது. இப்பால் சிக்கிம், அருணாசலம் முதலிய இடங்களில் நின்ற மந்தைகளுக்கு அப்பாலிருந்து பொலிகாளை வருதல் நின்றது. ஓரினத்துள்ளேயே கலந்து மந்தைகள் நலிந்தன. அக்குறை தீர்க்கவும் முயலும் ஆராய்ச்சி நிலையம் ஒன்று 1989-இல் அருணாசலப் பிரதேசத்துத் திராங்கில் தோன்றியது. ஆயினும் வெப்பம் ஏறுந்தோறும், குளிருக்கென்றே அமைந்த அவ்வுடல் வருந்துகின்றது.

அன்பர்களே! இனிச் சாமரை அசையக் காணுங்கால், அவ்வாயில்லா உயிரையும் அதனை ஓம்பும் மலைமக்களையும் ஒருகணம் நினைமின். அவர்க்கு நாம் கடன்பட்டுள்ளோம்.

திருச்சிற்றம்பலம்.