ஃபாண்ட் இல்லையேல் தமிழ் இல்லை

1990களில் கமுதியில் டைப் அடித்த தமிழ்க் கோப்பை மதுரையில் வேறொரு கம்ப்யூட்டரில் திறந்தால், புரியாத ஐரோப்பிய எழுத்துகள் வந்து நிற்கலாம். கோப்பு கெட்டுப்போகவில்லை. அதே ஃபாண்ட் அங்கே இல்லை, அவ்வளவுதான். 'அ'வுக்கு எந்த எண் என்பதை ஒவ்வொரு ஃபாண்ட்காரரும் தன் இஷ்டத்துக்கு வைத்திருந்தார்.

இந்தக் கூத்தை நிறுத்த 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. அங்கே வந்த தீர்வும் ஒன்றல்ல, இரண்டு: டாம், டாப். இணையத்தில் மடலாடியவர்களோ திஸ்கியை விடவில்லை. (அதே மாநாட்டின் தமிழ்99 விசைப்பலகை மட்டும் இன்றுவரை நிலைத்தது.)

யூனிகோடில் தமிழுக்கு 1991லேயே இடம் இருந்தது. ஆனால் அதில் 'கி' என்பது 'க'வும் கொக்கியுமாக இரண்டு குறிகள். உயிர்மெய்க்கும் தனி இடம் வேண்டும் என்றவர்கள் டேஸ்16 முறையை முன்வைத்தார்கள். கோப்பு பெருக்கும், அகரவரிசை சிக்கலாகும் என்ற அவர்கள் வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் விண்டோஸ் 2000லேயே லதா ஃபாண்டோடு யூனிகோடு தமிழ் வந்துவிட்டதே! 2010ல் தமிழக அரசு இரண்டையுமே ஏற்றது. மக்கள் கைக்கு வந்தது யூனிகோடு.

1998ல் தொடங்கிய மதுரைத் திட்டம், திஸ்கியில் ஏற்றிய பழந்தமிழ் நூல்களை யூனிகோடுக்கு மாற்றியது. மாற்றப்படாத பழைய கோப்புகளோ இன்னும் அந்தந்த ஃபாண்டைத் தேடிக்கொண்டிருக்கின்றன.