குர்துபா: நின்ற கல்லும் எரிந்த ஏடும்

ஸ்பெயின் நாட்டுக்குச் செல்லும் வாய்ப்புப் பெற்ற முஸ்லிம் எவரும் குர்துபாவைக் காணாது திரும்ப மனங்கொள்ளார். கர்னாத்தாவில் நடைபெற்ற வரலாற்று ஆய்வரங்கு நிறைவுற்றபின் எஞ்சிய ஒரு பகற்பொழுதை யானும் அந்நகரிலேயே கழித்தேன். இன்று கொர்தொபா என வழங்கும் அந்நகர், ‘வாதில் கபீர்’ என்னும் அரபுப் பெயர் திரிந்து ‘குவாதல்கிவிர்’ ஆகிவிட்ட பேராற்றின் கரையில் அமைந்துள்ளது. வருவோர் முதலில் நாடுவது அங்குள்ள பெரிய பள்ளிவாசலையே.

திமிஷ்கில் தம் குலம் வெட்டி வீழ்த்தப்பட்டபோது தப்பி வந்து, அந்தலூசியாவில் புதிய அரசொன்றை நிறுவிய உமையா இளவல் முதலாம் அப்துர் ரஹ்மான், கி.பி. 785இல் அதனைக் கட்டத் தொடங்கினார். பின்வந்தோர் மும்முறை விரித்தனர். செங்கல்லும் வெண்கல்லும் மாறி மாறி அடுக்கிய இரட்டை வளைவுகளைத் தாங்கி 850க்கும் மேற்பட்ட தூண்கள் இன்றும் நிற்கின்றன. கலீஃபா இரண்டாம் ஹகம் அமைத்த மிஹ்ராபின் பொன்வண்ணப் பதிகல் வேலைப்பாட்டில் இறைமறை வசனங்கள் ஒளிர்கின்றன.

கி.பி. 1236இல் மூன்றாம் பெர்தினாந்து நகரைக் கைப்பற்றியதும் பள்ளி தேவாலயமாயிற்று. 1523இல் தூண்களின் நடுப்பகுதியை இடித்து, உயர்ந்த தேவாலய மண்டபம் ஒன்றை எழுப்பத் தொடங்கினர். நகரத்துக் கிறித்தவ மன்றத்தாரே அதனை எதிர்த்தனர். எனினும் மன்னர் ஐந்தாம் சார்லஸின் இசைவு பெற்றுப் பணி நடந்தது. 1933இல் இங்கு வந்த மகாகவி இக்பாலின் உள்ளத்தில் பிறந்ததே ‘மஸ்ஜிதே குர்துபா’ என்னும் உருதுக் கவிதை. இவ்விடத்தில் கண்கலங்காத முஸ்லிம் அரியர்.

ஆயினும் பள்ளியின் மேற்கே, ஒரு தெருவைக் கடந்தால், ஆயரின் பழைய மாளிகை நிற்கிறது. உமையாக்களின் அரண்மனை இருந்த இடம் அது. அங்கே நின்று கலங்குவார் எவரையும் கண்டிலேன். கி.பி. 961 முதல் 976 வரை ஆண்ட இரண்டாம் ஹகம் அவ்வரண்மனையில் பெரியதொரு நூலகத்தைப் பேணினார். அதில் நான்கு இலட்சம் ஏடுகள் இருந்தன என்பர். எண்ணிக்கை மிகையாகவும் இருக்கலாம். ஆனால் நூற்பட்டியல் மட்டுமே 44 பதிவேடுகளாய் இருந்ததென்று குர்துபாவில் பிறந்த பேரறிஞர் இப்னு ஹஸ்ம் எழுதிவைத்துள்ளார். அந்த அரண்மனையில் எழுத்துப் பணி புரிந்தோருள் லுப்னா என்னும் பெண்ணறிஞரும் ஒருவர்.

அந்நூலகத்தை அழித்தவர் யார்? பெர்தினாந்து அல்லர். ஹகம் மறைந்தபின் அவருடைய சிறுவயது மைந்தரைப் பெயரளவில் அரியணையில் அமர்த்திவிட்டு, ஆட்சியைத் தம் கையில் கொண்ட அல்மன்சூர், மார்க்க அறிஞர்களின் ஆதரவை வேண்டித் தத்துவ, வானநூல் ஏடுகளைத் தெரிந்தெடுத்து எரிப்பித்தார். சிலவற்றை அரண்மனைக் கிணறுகளில் எறிவித்தார். இதனைக் கூறுபவர் மாற்றார் அல்லர். அந்தலூசியாவின் காழி ஸாயித் என்பாரே தம் நூலில் பதிந்துள்ளார். எஞ்சிய ஏடுகள் உள்நாட்டுப் போரின்போது அற்ப விலைக்கு விற்கப்பட்டும், 1013இல் பெர்பர் படையினர் புகுந்தபோது சூறையாடப்பட்டும் ஒழிந்தன. நகர் மாற்றார் கைக்குப் போவதற்கு 223 ஆண்டுகள் முன்பே இவையெல்லாம் நிகழ்ந்து முடிந்தன.

பள்ளிவாசலை எல்லோரினும் மிகுதியாக விரித்துக் கட்டியவரும் இதே அல்மன்சூர்தான் என்பதை இங்கு நினைத்தல் வேண்டும். கி.பி. 987இல் அவர் தொடங்கிய கிழக்குப் பகுதியில் இன்றும் நடக்கலாம். தொழுமிடம் பெருகிய அதே காலத்தில் நூலிடம் சுருங்கியது.

இப்னு ருஷ்து கதையும் இதன் தொடர்ச்சியே. 1126இல் இந்நகரில் பிறந்து, இங்கேயே காழியாய் இருந்தவர் அவர். 1195இல் முவஹ்ஹிது கலீஃபா அவரை லூசேனாவுக்கு நாடு கடத்தித் தத்துவ நூல்களை எரிக்கச் செய்தார். பின்னர் மன்னிக்கப்பட்டு, 1198இல் மராக்கிஷில் மறைந்தார். அவருடைய நூல்கள் சிலவற்றின் அரபு மூலம் முழுமையாகக் கிடைக்கவில்லை. எபிரேய, இலத்தீன் மொழிபெயர்ப்புகளே அவற்றை நமக்குக் காத்துத் தந்தன. இன்று அவருடைய சிலை பழைய நகர மதிலருகே அமர்ந்திருக்கிறது.

கர்னாத்தாவில் பேராயர் சிஸ்னெரோஸ் அரபு ஏடுகளைக் குவித்துக் கொளுத்திய கொடுமையை நாம் மறவோம், மறக்கவும் கூடாது. ஆனால் அவரைச் சுட்டும் விரல், ஹகமின் நூலகத்தைப் பேசும்போது மடங்கிவிடுமாயின் நாம் கூறுவது வரலாறு ஆகாது; வெறும் வழக்காடலே ஆகும்.

ஹகமின் நூலகத்தைச் சேர்ந்ததென உறுதியாக அறியப்பட்ட கையெழுத்து ஏடு ஒன்றே ஒன்று. ஹிஜ்ரி 359இல் எழுதப்பட்ட அது, மொராக்கோவின் ஃபாஸ் நகரத்துக் கரவிய்யீன் நூலகத்தில் கண்டறியப்பட்டது. 850 தூண்களைக் காணச் செல்வோர் அந்த ஓர் ஏட்டையும் எண்ணிப் பார்த்தல் நலம்.