கப்பலில் குட்டி போட்ட முயல்



ஒரு நாள் விடியற்காலை வேப்பங்குச்சியும் கையுமாக வாசலில் நின்று கொண்டிருந்தேன். அடுத்த வீட்டுச் சிறுமி ஓடி வந்தாள். "பெரியப்பா, எங்க முயல் கூண்டுல எலிக்குஞ்சு கிடக்கு. ஏழு இருக்கு, வந்து பாருங்க!" என்றாள். போய்ப் பார்த்தால் எலிக்குஞ்சு இல்லை, முயல் குட்டிகள். உடம்பில் மயிர் இல்லை, கண் திறக்கவில்லை. கம்பிவலைத் தரையின் மேல் நெளிந்து கொண்டு கிடந்தன. சந்தையில் "இரண்டுமே பொட்டைங்க" என்று சொல்லி விற்ற ஜோடி அது. அதில் ஒன்று ஆண் என்பதை அந்தக் குட்டிகள்தான் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

தாய் முயல் ஒரு மூலையில் உட்கார்ந்து புல்லை மென்று கொண்டிருந்தது. குட்டிகள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தாய் சேர்க்கலை போலிருக்கு, பசும்பாலைத் திரியில நனைச்சு ஊட்டுங்க" என்று யோசனை சொன்னார் ஒருவர். சொன்னவர் வேறு யாருமில்லை, நான்தான். மூன்று நாளில் நாலு குட்டிகள் செத்துப் போயின. அந்தச் சிறுமி என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்தப் பிராணியின் சரித்திரத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். முயலிடம் ஏமாந்தவன் நான் ஒருவன் மட்டுமில்லை, இரண்டாயிரம் வருஷமாகப் பெரிய பெரிய ஆட்களெல்லாம் ஏமாந்திருக்கிறார்கள் என்று அதில் தெரிந்தது.

முதலில் ஒரு விஷயம். நம் தமிழில் முயல் என்ற ஒரே பெயரை இரண்டு வேறு பிராணிகளுக்கு வைத்திருக்கிறோம். நம் கரட்டிலும் கொல்லையிலும் ஓடுகிற காட்டு முயல் வளை தோண்டாது. அதன் குட்டி பிறக்கும்போதே உடம்பெல்லாம் மயிரோடு, கண் திறந்தபடி பிறக்கும். (அதைப் பிடிப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கேயே சொல்லி விடுகிறேன்.) கூண்டில் நாம் வளர்க்கும் முயல் வேறு இனம். அதன் சொந்த ஊர் ஸ்பெயின், போர்ச்சுகல், தெற்கு பிரான்ஸ் பக்கம். மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்கிற ஜாதி. அதன் குட்டி குருடாக, மயிரில்லாமல்தான் பிறக்கும். காட்டு முயல் குட்டியைப் பார்த்துப் பழகியவர்கள் இதைப் பார்த்து, "குறைமாசத்துல விழுந்துட்டுது" என்று தூக்கி எறிவதுண்டு. எறியாதீர்கள். அது நிறைமாசக் குட்டிதான்.

ரோமாபுரிக்காரர்களுக்கு இந்த ஸ்பெயின் முயலைத் தெரியும். கி.மு. 37-இல் விவசாயத்தைப் பற்றி நூல் எழுதிய வாரோ என்பவர், மதில் கட்டிய தோட்டத்துக்குள் முயல்களை விட்டு வளர்ப்பதைப் பற்றிச் சொல்கிறார். நாலே நாலை உள்ளே விட்டால் போதும், கொஞ்ச நாளில் தோட்டம் நிறைந்துவிடும் என்கிறார். அதோடு, இப்போதுதான் ஈன்ற குட்டிகள் பக்கத்தில் இருக்கும்போதே, வயிற்றிலும் வேறு குட்டிகள் இருப்பது உண்டு என்றும் எழுதியிருக்கிறார். இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் மனதில் வைத்துக் கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருகிறேன்.

ஸ்பெயினுக்குக் கிழக்கே உள்ள பலேயாரிக் தீவுகளில் முயல்கள் பெருகி விளைச்சலை அழித்துப் பஞ்சமே வந்துவிட்டது. அந்த ஜனங்கள் அகஸ்டஸ் சக்கரவர்த்தியிடம் போய், முயலை ஒழிக்கப் பட்டாளம் அனுப்பச் சொல்லி விண்ணப்பம் போட்டார்கள் என்று பிளினி எழுதி வைத்திருக்கிறார்.

எதிர்பாராமல் பிறந்த குட்டிகளின் கதை என்றால், போர்ட்டோ சாண்டோ தீவின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. அட்லாண்டிக் சமுத்திரத்தில் மதீரா தீவுக்கு அருகே உள்ள சின்னத் தீவு அது. மொத்தமே 42 சதுர கிலோமீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும். 1420-ஆம் ஆண்டை ஒட்டி, போர்ச்சுகல் நாட்டார் அங்கே குடியேறக் கப்பலில் போனார்கள். விதை, கருவி, ஆடு மாடு எல்லாவற்றோடும் ஒரு பெண் முயலும் கூண்டில் போனது. அது சினையாக இருந்தது. நடுக்கடலில் கப்பலிலேயே குட்டி போட்டுவிட்டது. கொண்டு போனவர் பார்த்தலோமியூ பெரஸ்ட்ரெல்லோ என்று பழைய வரலாற்று நூல் கூறுகிறது. பிற்காலத்தில் கொலம்பஸுக்கு மாமனார் முறையானவர் இவர். இயற்கை விஞ்ஞானி டார்வின், 1868-இல் வெளியிட்ட நூலில், ஸார்கோ என்ற வேறொரு தலைவர் பெயரைச் சொல்கிறார். யார் கொண்டு போனாலென்ன, முயல் ஒன்றுதான்.

கரை சேர்ந்ததும் தாயையும் குட்டிகளையும் தீவில் இறக்கி விட்டார்கள். நரி இல்லை, கீரி இல்லை, பிடித்துத் தின்ன எதுவும் இல்லாத தீவு. நாளைக்குக் கறிக்கு ஆகும் என்று நினைத்திருப்பார்கள். ஒன்றிரண்டு வருஷத்துக்குள், விதைத்தது எதுவும் முளைத்து மேலே வர முடியவில்லை. முளை விட்டால் முயல் தின்றது. கூட்டம் கூட்டமாக அடித்துக் கொன்றும் பார்த்தார்கள், குறையவில்லை. கடைசியில் குடியேற வந்தவர்கள் தோல்வியை ஒப்புக்கொண்டு மூட்டை கட்டி, பக்கத்து மதீராவுக்குப் போய்விட்டார்கள். தாய் முயல் ஒன்று, அதன் ஒரே ஈற்றுக் குட்டிகள், இவ்வளவுதான் ஆரம்பம். கூடப்பிறந்த ஆணும் பெண்ணும் சேர்ந்தே பெருகியிருக்கின்றன. பிறகு அவர்கள் திரும்பி வந்து குடியேறினார்கள் என்றாலும், முயலும் அங்கேயே இருந்தது. நானூறு வருஷத்துக்குப் பிறகு டார்வின் அந்தத் தீவு முயல்களை வரவழைத்து ஆராய்ந்தபோது, உருவத்தில் சிறுத்துத் தனி ரகம் மாதிரி ஆகியிருந்தன.

இவ்வளவும் நடந்த பிறகும், 1859-இல் ஆஸ்திரேலியாவில் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணைக்காரர் வேட்டைக்காக இங்கிலாந்திலிருந்து 24 முயல்களை வரவழைத்தார். அந்தக் கண்டத்தை நிறைத்த முயல்கள் பெரும்பாலும் அவர் வரவழைத்தவற்றின் வழித்தோன்றல்கள்தான் என்று 2022-இல் மரபணு ஆய்வும் சொல்லிவிட்டது. முயலைத் தடுக்க மேற்கு ஆஸ்திரேலியாவில் 1907-இல் கட்டி முடித்த முதல் வேலியின் நீளம் 1,833 கிலோமீட்டர். ஆகவே குட்டிகள் அதிகமாகிவிட்டன என்று தோப்பிலோ மலையிலோ கொண்டு போய் விட்டுவிடலாம் என்ற எண்ணம் யாருக்காவது இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

ஏன் இப்படிப் பெருகுகிறது? ஆடு மாடு என்றால் பருவத்துக்கு வர வேண்டும், அதை நாம் பார்த்துச் சேர்க்க வேண்டும். முயலுக்கு அப்படிக் கணக்கான பருவ நாள் கிடையாது. ஆணோடு சேர்ந்த பிறகுதான், ஏறக்குறைய பத்து மணி நேரத்தில், அதன் கருமுட்டை வெளிப்படுகிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த வால்ட்டர் ஹீப் இதை 1905-இல் விவரமாக எழுதினார். எந்த நாளில் சேர்ந்தாலும் சினை பிடிக்க வாய்ப்பு உண்டு. சினைக்காலம் 31 நாள், ஒரு நாள் முன்பின் ஆகலாம்.

இப்போது வாரோ சொன்னதற்கு வருகிறேன். குட்டி போட்ட அன்றைக்கே, சில மணி நேரத்துக்குள், தாய் முயல் மறுபடியும் ஆணோடு சேரும். சினையும் பிடிக்கும். எதிர்பாராத ஈற்றைப் பார்த்ததும் எல்லோரும் குட்டிகளைத்தான் பார்க்கிறோம். பக்கத்தில் சாதுவாக உட்கார்ந்திருக்கும் ஆணைப் பார்ப்பதில்லை. முதல் வேலை அதுதான். பெட்டி தேடுவதற்கு முன்னால், பால் விசாரிப்பதற்கு முன்னால், ஆணைத் தூக்கி வேறு கூண்டில் போடுங்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை.

அடுத்தது தாய் சேர்க்கவில்லை என்ற சந்தேகம். இதில்தான் நான் விழுந்தேன். வளையில் வாழும் தாய் முயல், குட்டி போடத் தனியாக ஒரு குழி தோண்டி, புல்லை வைத்துத் தன் வயிற்று மயிரைப் பிடுங்கி மெத்தை போடும். குட்டி போட்டதும் வாயிலை மண்ணால் மூடிவிட்டுப் போய்விடும். அடிக்கடி வந்து போனால் மோப்பம் பிடித்து நரி வந்துவிடுமே! அதனால் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் வரும், மூன்று நாலு நிமிஷம் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். கூண்டு முயலும் இதையேதான் செய்கிறது என்று 1965-இல் ஸாரோ என்ற விஞ்ஞானியும் அவரோடு சேர்ந்தவர்களும் கணக்கெடுத்து எழுதினார்கள். பெரும்பாலும் இருட்டில், விடியும் முன் அது நடந்து முடிந்துவிடும். அந்த நேரத்துக்குள் குருட்டுக் குட்டி காம்பைக் கண்டுபிடிப்பது எப்படி? பாலிலேயே ஒரு வாசனைப் பொருள் இருக்கிறது, அது குட்டியைக் காம்புக்கு இழுக்கிறது என்று 2003-இல் பிரெஞ்சு நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

கூண்டில் பல நூறு வருஷம் வளர்த்து மனிதன் இதன் நிறத்தை மாற்றினான், எடையை மாற்றினான். பயத்தைக்கூடக் குறைத்துவிட்டான். வளர்ப்பு முயலின் மூளையில் பயத்தை ஆளும் பகுதி சிறுத்துப் போயிருக்கிறது என்று 2018-இல் காட்டியிருக்கிறார்கள். ஆனால் பால் கொடுக்கும் அந்த மூன்று நிமிஷப் பழக்கம் மட்டும் வளையில் இருந்தது மாதிரியே இருக்கிறது.

எனவே தாய் பக்கத்தில் வரவில்லையே என்று தவிக்காதீர்கள். காலையில் குட்டியின் வயிற்றைப் பாருங்கள். உருண்டு விம்மியிருந்தால் பால் குடித்திருக்கிறது. தோல் சுருங்கி, தொட்டால் சில்லென்று இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் முதலில் சூடு, பிறகுதான் பால். குளிர்ந்த குட்டிக்குப் பால் ஊட்டினால் ஜீரணமாகாது, மூச்சுக்குழலில் ஏறிச் செத்துப்போகும். பசும்பால் இதற்குப் போதவும் போதாது. முயல் பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. பக்கத்தில் வேறு முயல் இரண்டு மூன்று நாள் வித்தியாசத்தில் ஈன்றிருந்தால், அதனிடம் சேர்த்துவிடுவது நல்லது. மனிதக் கை பட்டால் தாய் கொன்றுவிடும் என்பது பயமுறுத்தல். கையைத் தாயின் படுக்கைப் புல்லில் தேய்த்துக்கொண்டு எடுத்தால் போதும்.

குட்டி வெளியே உருண்டு விழுந்தால், பூனை மாதிரி தாய் கவ்விக்கொண்டு வந்து வைக்காது. வளைக்குள் அதற்கு அவசியமே இருந்ததில்லை. ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம் உள்ள ஒரு மரப்பெட்டியில் உலர்ந்த வைக்கோலும், தாய் பிடுங்கிப் போட்ட மயிரும் வைத்துக் குட்டிகளை அதில் விடுங்கள். கம்பிவலைத் தரையில் கிடக்கக் கூடாது. நம் ஊரில் எறும்பு பெரிய எதிரி. கூண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். தாய்க்குத் தண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும். வேலிமசால், முள்முருங்கை இலை, புல் தாராளமாகப் போடுங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் குட்டிகள் கண் திறக்கும், மூன்றாவது வாரம் தானாகப் பெட்டியை விட்டு வெளியே வரும்.

அடுத்த வீட்டில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். முதல் ஈற்றில் மூன்று பிழைத்தன. ஆணைப் பிரிக்காததால், சரியாக 31-ஆம் நாள் மறுபடியும் ஆறு குட்டிகள். ஒன்று பிறக்கும்போதே இறந்திருந்தது. இந்தத் தடவை பெட்டி தயாராக இருந்தது, ஆண் அன்றைக்கே வேறு கூண்டுக்குப் போனது, நான் வாயைத் திறக்கவில்லை. சிறுமி மட்டும் ஒரு நாள் விடியும் முன் எழுந்து, திண்ணை இருட்டில் சாக்கைப் போர்த்திக்கொண்டு காத்திருந்தாள். தாய் பெட்டிக்குள் தாவியதாம், குட்டிகள் மல்லாந்து கிடந்து குடித்தனவாம், இருநூறு எண்ணுவதற்குள் தாய் வெளியே குதித்துப் போய் மூலையில் உட்கார்ந்து கொண்டதாம். ஐந்தும் பிழைத்தன.

பத்தாவது வாரம் கால்நடை மருத்துவரிடம் காட்டி ஆண், பெண் பார்த்துப் பிரித்தோம். அதற்கு மேல் சேர்த்து வைத்திருந்தால் குட்டிகளே சினையாகிவிடும். ஆண்களுக்கெல்லாம் வலது காதில் மருதாணிப் பொட்டு வைத்தாள் அந்தச் சிறுமி. பொட்டு மங்கினால் உடனே புதுப்பித்து விடுகிறாள்.