அரபு வழியே வந்த கணிதச் சொற்கள்

ஆங்கிலக் கணித நூல்களில் வழங்கும் அல்ஜீப்ரா, அல்காரிதம், ஜீரோ, சைன் ஆகிய சொற்களின் வரலாறு 9ஆம் நூற்றாண்டுப் பாக்தாத் நகரின் வழியே செல்கிறது. அப்பாசியக் கலீஃபா அல்-மாமூனின் (813–833) ஆதரவில் அங்குப் பணியாற்றிய முஹம்மது இப்னு மூசா அல்-குவாரிஸ்மி, வாரிசுரிமைப் பங்கீடு, வணிகம், நில அளவை முதலிய நடைமுறைத் தேவைகளுக்குப் பயன்படும் வகையில், சமன்பாடுகளைத் தீர்க்கும் முறைகளை ஒரு நூலாகத் தொகுத்தார். அந்நூலின் தலைப்பில் இடம்பெற்ற 'அல்-ஜப்ர்' என்னும் அரபுச் சொல்லே அல்ஜீப்ராவாயிற்று.

'ஜப்ர்' என்பது முறிந்ததைப் பொருத்திச் சீராக்குதலைக் குறிக்கும். ஒரு வர்க்கம், அதன் மூலத்தின் 40 மடங்கிலிருந்து நான்கு வர்க்கங்களைக் கழித்த அளவுக்குச் சமம் என்னும் கணக்கை அல்-குவாரிஸ்மி எடுத்துக்கொள்கிறார். குறைந்துள்ள நான்கு வர்க்கங்களை இருபுறமும் கூட்டினால், ஐந்து வர்க்கங்கள் மூலத்தின் 40 மடங்குக்குச் சமமாகி, மூலம் 8 எனவும் வர்க்கம் 64 எனவும் கிடைக்கின்றன. குறையை நிரப்பும் இச்செயலே ஜப்ர் ஆகும். இருபுறமும் உள்ள ஒத்த உறுப்புகளை ஒன்றுக்கொன்று நீக்குவது 'முகாபலா' எனப்பட்டது. செஸ்டர் நகரைச் சேர்ந்த ராபர்ட், ஸ்பெயினின் செகோவியாவில் 1145ஆம் ஆண்டில் இந்நூலை இலத்தீனில் பெயர்த்தபோது, இம்முறையும் அதன் பெயரும் ஐரோப்பாவுக்கு அறிமுகமாயின.

இந்திய எண்களைக் கொண்டு கணக்கிடுவதைப் பற்றி அவர் எழுதிய மற்றொரு நூலின் அரபு மூலம் கிடைக்கவில்லையாயினும், 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இலத்தீன் ஆக்கங்கள் எஞ்சியுள்ளன. அவற்றில் 'அல்கோரித்மி' எனத் திரிந்த அவரது பெயரே, படிப்படியான கணக்கீட்டு முறையைக் குறிக்கும் அல்காரிதமாக நிலைபெற்றது. வெறுமையைச் சுட்டும் 'சூன்யம்' என்னும் வடமொழிச் சொல்லை அரபு அறிஞர்கள் அதே பொருளுடைய 'சிஃப்ர்' என்னும் தம் சொல்லால் வழங்க, இத்தாலியரான ஃபிபொனாச்சி 1202இல் எழுதிய நூலில் அதனைச் 'செஃபிரம்' என இலத்தீனாக்கினார். அதிலிருந்து ஜீரோவும், சிஃப்ரிலிருந்தே வேறொரு வழியில், தமிழரும் பயன்படுத்தும் சைபரும் பிறந்தன.

இப்பயணத்தில் பிழைகளும் நேர்ந்தன. வட்டத்தின் நாணைக் குறித்த 'ஜீவா' என்னும் வடமொழிச் சொல், அரபியில் 'ஜீபா' என ஒலிபெயர்க்கப்பட்டது. குற்றுயிர்க் குறிகளை எழுதாமல் விடும் அரபு வழக்கால் அது ஆடையின் மடிப்பைக் குறிக்கும் 'ஜைப்' என வாசிக்கப்பட, அப்பொருளை இலத்தீனில் தரும் 'சைனஸ்' என்பது சைன் ஆயிற்று. விகிதமுறா மூலத்தைச் செவிடு என்னும் பொருளில் அரபு அறிஞர்கள் 'அஸம்' என அழைத்ததால், அதன் இலத்தீன் பெயர்ப்பு ஆங்கிலத்தில் 'சர்ட்' ஆனது.

இந்தியாவில் தோன்றியவற்றை ஏற்று, தம் ஆய்வால் வளர்த்து, ஐரோப்பாவுக்கு அளித்த அரபு அறிஞர்களை வெறும் இடைத்தரகர்களாகக் கருதுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. இயற்கணிதம் கற்பிக்கும் பாடநூல்கள் அல்-குவாரிஸ்மியையும் அவர் நூல்களைப் பெயர்த்தவர்களையும் மாணவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும்.