மேக்ஃபைல் முதலாக

கம்பம் பள்ளத்தாக்கில், லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை முல்லைப் பெரியாற்று நீரால் இருபோகம் விளையும் 14,707 ஏக்கர் நஞ்சையில், பழைய வயல்கள் பலவற்றுக்கு இரண்டு அடையாளங்கள் உண்டு: ஆலமரத்து வயல், மடையடிக் காணி என்று ஊரார் வாய்வழக்கில் நிற்கும் பெயர் ஒன்று, சர்க்கார் பதிவேட்டில் ஏறிய புல எண்ணும் உட்பிரிவும் மற்றொன்று. 1895இல் பெரியாற்று அணை திறக்கப்பட்டு, மேற்கே ஓடிய வெள்ளம் மலையைக் குடைந்து கிழக்கே திரும்பிய பின், நிலத்துக்கு மதிப்பு ஏறியது. 1923இல் சர்வே எல்லைச் சட்டமும் வந்து சேர்ந்தது. பேச்சில் எந்தப் பெயர் வழங்கினாலும் அலுவலகம் அறிவது எண்ணைத்தான் என்ற நிலை ஸ்திரப்பட்டது. இதற்குப் பத்திரம் எழுதுகிறவர்கள் கண்ட உபாயம், சொத்து விவரத்தில் புல எண்ணையும் நான்கெல்லையையும் குறித்து, இன்ன பெயரால் வழங்கும் நிலம் என்பதையும் கூடவே எழுதிவிடுவது.

கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதும் தொழிலிலும், கோப்புகளின் பெயர் விஷயத்தில், இதே ஜாதிச் சங்கடம் ஒன்று தோன்றி வளர்ந்திருக்கிறது. 2012இல் தொடங்கிய போடிநாயக்கனூர் அரசுப் பொறியியல் கல்லூரியிலோ, தேனியைச் சுற்றியுள்ள மற்றக் கல்லூரிகளிலோ படித்துவிட்டு அந்தத் தொழிலுக்குப் போகிற பிள்ளைகள் அனைவரும் என்றேனும் ஒருநாள் அதைச் சந்தித்தே தீர்வார்கள் என்பதால், அதன் பூர்வ சரித்திரத்தைச் சொல்லிவைப்பது வீண் காரியமாகாது.

1976ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில், ஸ்டீவ் ஜான்சன் என்பவர் ஒரு பிழையைத் தேடிக் காலைப்பொழுது முழுவதையும் செலவிட்டார். பிழையோ ஏற்கெனவே திருத்தப்பட்டிருந்தது. திருத்திய கோப்பு மறுபடி கம்பைல் செய்யப்படவில்லை என்பதே குறை. தாமும் அதே அவதியைப் பட்டிருந்த ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன், எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது, எது மாறினால் எதைப் புதிதாகக் கட்ட வேண்டும் என்ற விதிகளை ஒரு கோப்பில் எழுதிவைத்தால் அதைப் படித்து வேலையை நடத்தும் 'மேக்' என்ற கருவியை உண்டாக்கினார். அந்த விதிக்கோப்புக்கு 'மேக்ஃபைல்' என்று பெயர். கட்டளை வரியின் தொடக்கத்தில் டேப் வைத்தே தீரவேண்டும் என்ற அதன் விபரீதமான விதியைப் பின்னர் மாற்ற நினைத்தும், அதற்குள் பன்னிரண்டு பேர் அளவில் உபயோகிக்கத் தொடங்கிவிட்டார்களே என்று தயங்கி விட்டுவிட்டதாக ஃபெல்ட்மனே சொல்லியிருக்கிறார். அந்தப் பன்னிரண்டு பேருக்காக உலகம் இன்றளவும் டேப் வைத்துக்கொண்டிருக்கிறது.

பெயரின் கதையும் அப்படிப்பட்டதே. அதை முழுதும் சிறிய எழுத்தில் எழுதலாம். முதலெழுத்தைப் பெரியதாகவும் எழுதலாம். க்னூ மேக் என்னும் பிற்காலப் பதிப்பு, தனக்கே உரிய 'க்னூமேக்ஃபைல்' என்ற பெயரை முதலிலும், சிற்றெழுத்துப் பெயரை அடுத்தும், பேரெழுத்துப் பெயரை மூன்றாவதாகவும் தேடுகிறது. ஆயினும் அதன் கையேடு சிபாரிசு செய்வது மூன்றாவதையே. பேரெழுத்தில் தொடங்கும் பெயர்கள் கோப்புப் பட்டியலின் தலைப்பில், 'ரீட்மீ' போன்ற முக்கியக் கோப்புகளின் பக்கத்தில் வந்து நிற்கும் என்பது அதற்குக் காரணம். இவற்றில் எதுவும் வேண்டாம், வேறு பெயர்தான் வேண்டும் என்பவருக்கு '-எஃப்' என்ற குறியோடு பெயரைக் கட்டளையில் சொல்லிவிடும் வசதி இருந்தது. கட்டளையைக் கேட்கிற கருவி ஒன்றே ஒன்றாக இருந்தவரையில் அதுவே போதுமானதாகவும் இருந்தது.

சங்கடம் பிறந்தது, எழுதுவதும் கட்டுவதும் பிழை பார்ப்பதும் ஒரே ஜன்னலுக்குள் நிகழும் சூழல்கள் வந்த பிறகு. மேக்கைப் போன்ற கட்டும் கருவிகளில், 2000ஆம் ஆண்டில் ஆன்ட் 'பில்ட்.எக்ஸ்எம்எல்' என்ற விதிக்கோப்போடும், பின்னர் மேவனின் இரண்டாம் பதிப்பு 'பாம்.எக்ஸ்எம்எல்' என்ற விதிக்கோப்போடும் வந்தன. 2001இல் எக்லிப்ஸ் என்ற சூழல் வெளியிடப்பட்டது. இத்தகைய சூழல், நாம் கட்டளை இடுவதற்கு முன்பே கோப்பைத் திறந்து, வர்ணம் தீட்டி, குற்றம் கண்டு, சொல்லை முடித்துக் கொடுக்கக் காத்திருக்கிறது. '-எஃப்' என்று மேக்கின் காதில் ஓதிய ரகசியம் அதற்கு எட்டுவதில்லை. ஆகவே 'ரிலீஸ்.எக்ஸ்எம்எல்' என்று பெயரிட்ட ஆன்ட் கோப்பை வெறும் எக்ஸ்எம்எல் என்று கருதிச் சும்மா இருந்துவிடக்கூடும். பெயரை விட்டு உள்ளடக்கத்தைப் பார்க்கலாமே என்றால், ஆன்ட் கோப்பின் தலைக்குறியும் மேவன் கோப்பின் தலைக்குறியும் 'புராஜெக்ட்' என்ற ஒன்றேயாகையால், மேலெழுந்தவாரியாகப் பார்ப்பது பிரயோஜனப்படாது. எக்லிப்ஸ், இரண்டு வழியையும் வைத்துக்கொண்டு, ஆன்ட் கோப்புகளுக்கு வழங்கும் பெயர்களைப் பயனர் தாமே சேர்க்கும் ஒரு பட்டியலையும் அமைப்புப் பக்கத்தில் கொடுத்தது.

முறை மீறிப் பெயரிடுகிறவர்களைச் சோம்பேறிகள் என்றோ அகம்பாவிகள் என்றோ நினைப்பது நியாயமன்று. கிரேடில் என்ற கட்டும் கருவியில், திட்டத்தின் ஒவ்வோர் உட்பிரிவுக்கும் வழக்கமாக 'பில்ட்.கிரேடில்' என்று ஒரே பெயர். இருபது உட்பிரிவுகளைத் திறந்துவைத்தால் இருபது தாவலிலும் அந்தப் பெயரே நிற்கும். அதனால் ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க்கை ஆக்குவோர் தம் செட்டிங்ஸ் கோப்பில் ஒரு விதி எழுதி, 'ஸ்பிரிங்-கோர்.கிரேடில்' என்பதுபோல உட்பிரிவின் பெயரையே கோப்புக்கும் வைத்திருக்கிறார்கள். பேசல் என்ற கருவியின் 'பில்ட்' கோப்போ, பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் பேதம் பாராத விண்டோஸ், ஆப்பிள் மேக் கணினிகளில் அதே பெயருள்ள அடைவோடு மோதியதால், 'பில்ட்.பேசல்' என்ற மாற்றுப் பெயரையும் அங்கீகரிக்க நேர்ந்தது. இவர்கள் பெயரை மாற்றியதற்கு உறுதியான காரணம் உண்டு. அதைவிட, மாற்றியதை எழுதிவைக்கவும் செய்தார்கள் என்பதே என் அபிப்பிராயத்தில் மெச்சத்தக்கது.

எழுதிவைக்கும் இடங்களுக்கும் குறைவில்லை. ஈமாக்ஸ், விம் என்னும் எடிட்டர்கள், கோப்பின் உள்ளேயே ஒரு குறிப்பு வரியில், இது மேக்ஃபைல் என்று அறிவித்துவிட இடந்தருகின்றன. கோப்பு எங்கே போனாலும் அறிவிப்பும் கூடவே போகும். விஎஸ் கோடில் 'ஃபைல்ஸ்.அசோசியேஷன்ஸ்' என்ற அமைப்பும், இன்டெல்லிஜேயில் கோப்பு வகைப் பட்டியலும் உண்டு. அவற்றைத் தம் சொந்தக் கணினியில் மட்டும் மாற்றிக்கொண்டு திருப்தியடைவது, ஊர்ப்பெயரை மட்டும் சொல்லி நிலத்தை விற்பதற்குச் சமம். அடுத்து வருகிறவர் அதே கோப்பைத் திறந்து அதே இருட்டில் தடவுவார்.

ஆகையால், புதிதாக இத்தொழிலில் இறங்கும் தேனி, போடி, கம்பத்துப் பிள்ளைகளுக்கு என் வேண்டுகோள் இதுதான்: கூடியமட்டும் வழக்கமான பெயரையே வையுங்கள், மாற்றியே ஆகவேண்டுமானால், பெரும்பாலான சூழல்கள் தாமே அறிந்துகொள்ளும் '.எம்கே' போன்ற விகுதியையாவது விடாமல் வையுங்கள். அதுவும் முடியாதபோது, விஎஸ் கோடின் விஷயத்தில் திட்ட அடைவிலுள்ள '.விஎஸ்கோட்' என்ற உள்ளடைவின் செட்டிங்ஸ் கோப்பில் அந்தப் பெயரைச் சேர்த்து, நிரலோடு அதையும் கிட்டில் கமிட் செய்துவிடுங்கள்.