பதில் ஆளுநரின் கையொப்பம்

தற்காலிகமாகப் பதவியேற்பவர் பெரிய முடிவுகளை அடுத்து வருபவருக்கென ஒதுக்கிவைப்பதே வழக்கம். 1785இல் கல்கத்தாவில் பிறந்த சர் சார்லஸ் மெட்காஃப் அவ்வழக்கத்தை மீறினார். 1835 மார்ச்சில் பெண்டிங்க் பிரபு விடைபெற்றதும், இந்தியாவின் தற்காலிகத் தலைமை ஆளுநர் பொறுப்பு அவரிடம் வந்தது.

1823இல் அதே பொறுப்பைத் தற்காலிகமாக வகித்த ஜான் ஆடம், உரிமமின்றி இதழ் நடத்தலாகாது எனக் கட்டளையிட்டிருந்தார். அதை எதிர்த்து இராஜாராம் மோகன்ராய் தம் பாரசீக இதழையே நிறுத்திவிட்டார். ஒரு பதில் ஆளுநர் பூட்டிய வாயை மற்றொரு பதில் ஆளுநர் திறந்தார். மெக்காலே வரைந்த சட்டத்தின்படி 1835 செப்டம்பர் 15 முதல் உரிமமுறை ஒழிந்தது.

கும்பெனியின் இயக்குநர்கள் சினந்தனர். சென்னை ஆளுநர் பதவி அவருக்கு மறுக்கப்பட்டது. 1838இல் அவர் இந்தியாவை விட்டு நீங்கினார். கல்கத்தா மக்களோ நன்கொடை திரட்டி அவர் பெயரால் மண்டபம் எழுப்பினர்.

பின்னர் ஜமைக்காவையும் கனடாவையும் ஆண்டார்; 1845இல் பிரபுப் பட்டமும் பெற்றார். முகத்தில் தோன்றிய புற்றுநோய் 1846 செப்டம்பர் 5 அன்று அவரது உயிரைப் பறித்தது. இந்தியப் பெண்ணொருத்தியிடம் அவருக்கு மைந்தர் மூவர் பிறந்திருந்தனர். எனினும் ஆங்கிலேயச் சட்டம் ஏற்கும் திருமணம் நிகழாமையால், பட்டம் அவர்களைச் சேராமல் அவரோடே மறைந்தது. சகோதரரிடமிருந்து அவர் பெற்ற பரம்பரைப் பட்டம் இளைய சகோதரர் தாமஸுக்குச் சென்றது.

பிறர் பேசும் உரிமைக்காகப் பதவியை இழக்கத் துணிந்தவரின் சொந்த மக்கள், சட்டத்தின் கண்ணுக்கு வாரிசுகளாகவில்லை. ஊர் அறிய நீதி செய்தவர் வீட்டில் எஞ்சிய இக்கடன், நம் சிந்தனைக்கும் உரியது.