கப்பலும் கோட்டும் வேட்டியும்

 

நம் பள்ளியின் முன்னாள் மாணவி ஒருத்தி, வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் தன் பெற்றோரை உல்லாசக் கப்பலில் ஒரு வாரம் அழைத்துப் போக ஏற்பாடு செய்தாள். கப்பல் கம்பெனி கொடுத்த தாளில் இரண்டு இரவுகளுக்கு நேராக "பார்மல் நைட்" என்று போட்டிருந்தது. அந்த இரவுகளில் பெரிய சாப்பாட்டு மண்டபத்துக்கு முறையான விருந்து உடையில் வரவேண்டும். அவளுடைய தந்தை என்னைத் தேடி வந்தார். "சார், நான் பால் வெட்டுல இருந்தவன். கோட்டு சூட்டுக்கு எங்க போறது? வேட்டி கட்டிட்டுப் போனா உள்ள விடுவாங்களா, இல்ல வாசல்லயே நிறுத்திடுவாங்களா?" என்று கேட்டார்.

சிரித்துவிட்டு மறந்துவிடக் கூடிய கேள்வியா இது? இதற்குப் பின்னால் நூற்றைம்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. அதில் நம் பாட்டன்மாரும் இருக்கிறார்கள். ஆகவே, அவருக்கு நான் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து உங்களுக்கும் சொல்கிறேன்.

கோட்டு வந்த கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெரிய குடும்பத்தார் பகலில் உடுத்திய உடையோடு இராச் சாப்பாட்டுக்கு உட்கார மாட்டார்கள். குளித்து, உடை மாற்றி, பின்புறம் வால்போல் நீண்ட கறுப்புக் கோட்டு அணிந்துதான் வருவார்கள். 1865-இல் இளவரசர் எட்வர்டு, இலண்டன் சாவில் ரோ தெருவிலிருந்த ஹென்றி பூல் என்னும் தையற்காரரிடம் வால் இல்லாத குட்டைக் கோட்டு ஒன்று தைக்கச் சொன்னார். இன்றைய விருந்துக் கோட்டுக்கு அதுவே முன்னோடி என்பார்கள். பின்னர் அமெரிக்காவில் நியூயார்க்கை அடுத்த டக்சிடோ பார்க் என்ற ஊரில் அது பரவியது. "டக்சிடோ" என்ற பெயர் அந்த ஊரின் பெயர்தான்.

வீட்டு வழக்கம் கப்பலுக்கும் வந்தது. ஆனால் இங்கிலாந்துக் குளிருக்குத் தைத்த கோட்டு செங்கடல் வெயிலுக்குத் தாங்குமா? சூயஸ் தாண்டியதும் வெள்ளைக்காரர்களுக்கு வியர்த்துக் கொட்டியது. கடைசியில் கோட்டைக் கழற்றிவிட்டு, வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, இடுப்பில் ஒரு துணிக்கச்சை, இவ்வளவு போதும் என்று ஒரு வழக்கம் உண்டாயிற்று. அதற்குச் "செங்கடல் உடுப்பு" என்றே பெயர்.

அந்த இடுப்புக் கச்சைக்கு ஆங்கிலத்தில் "கம்மர்பண்ட்" என்று பெயர். மாணவர்களே, இது ஆங்கிலச் சொல் அன்று. பாரசீகத்தில் "கமர்" என்றால் இடுப்பு. "பந்த்" என்றால் கட்டு. இந்தியாவில் பணிபுரிந்த வெள்ளைக்கார இராணுவ அதிகாரிகள் நம்மவர் இடுப்பில் கச்சை கட்டியதைப் பார்த்துத் தாங்களும் கட்டிக்கொண்டார்கள். "வேட்டி கட்டியவன் உள்ளே வரலாமா?" என்று கேட்ட விருந்து மண்டபத்துக்குள், நம் ஊர்க் கச்சை எப்போதோ போய் உட்கார்ந்துவிட்டது!

இரண்டு கப்பல், ஒரு மனிதர்

1888 செப்டம்பர் 4-ஆம் நாள், பம்பாயிலிருந்து "கிளைடு" என்ற கப்பல் புறப்பட்டது. அதில் சட்டம் படிக்கச் சென்ற பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் இருந்தார். கத்தி, முள்கரண்டி பிடிக்கத் தெரியாது. ஆங்கிலத்தில் பேசக் கூச்சம். ஆகவே சாப்பாட்டு மண்டபத்துப் பக்கமே போகாமல், வீட்டிலிருந்து கொண்டுவந்த பலகாரத்தையும் பழத்தையும் தம் அறையிலேயே உண்டார். கப்பலில் கறுப்பு உடை அணிந்தார். இறங்கும்போது அணிய வேண்டுமென்று ஒரு வெள்ளைக் கம்பளி உடையைப் பத்திரமாக வைத்திருந்தார். அதைப் போட்டுக்கொண்டு இறங்கிப் பார்த்தால், அது செப்டம்பர் மாதக் கடைசி. வெள்ளை உடையில் வேறு ஒருவர்கூட இல்லை! வெட்கம் தாங்கவில்லை என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். அவர்தாம் மகாத்மா காந்தி.

அதே காந்தியடிகள் 1921 செப்டம்பர் 22-ஆம் நாள் நம் மதுரையில், மேலமாசி வீதி வீட்டில், இனி அரைமுழத் துண்டுதான் என் உடை என்று முடிவு செய்தார். மாற்றுத் துணிக்கு வழியில்லாத ஏழைகளைப் பார்த்து எடுத்த முடிவு அது. 1931-இல் வட்டமேசை மாநாட்டுக்காக "இராஜபுதானா" கப்பலில் இலண்டன் சென்றபோதும் அதே உடைதான். பக்கிங்காம் அரண்மனையில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜைச் சந்தித்ததும் அதே துண்டும் போர்வையுமாகத்தான். 1888-இல் உடைக்காகக் கூசிய மனிதர், நாற்பத்து மூன்று ஆண்டுக்குப் பின் கொஞ்சமும் கூசவில்லை. மாறியது துணி மட்டுமா, யோசித்துப் பாருங்கள்.

ரஜூலாவின் மேல்தட்டும் கீழ்த்தட்டும்

இனி நம் சொந்தக் கதைக்கு வருவோம். "ரஜூலா" என்ற பெயரைக் கேட்டால் நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு இன்றும் முகம் மலரும். 1926-இல் ஸ்காட்லாந்தில் கட்டிய கப்பல் அது. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனிக்குச் சொந்தமானது. 1906-இல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிப் போட்டியிட்டாரே, அதே கம்பெனிதான். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, நம் போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. நம் துறைமுகம் 1972-இல் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறியது. ரஜூலா 1973-இல் கைமாறி, விரைவிலேயே உடைக்கப்பட்டது. அதன்பின் வந்த "சிதம்பரம்" கப்பலும் 1985-இல் நடுக்கடலில் தீப்பிடித்தபின் ஓய்ந்துவிட்டது.

ரஜூலாவில் முதல் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் சேர்த்து நூற்றுச் சொச்சம் பேருக்குத்தான் அறைகள். டெக் பயணிகளோ, ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்றலாம் என்று உரிமம்! மேலே மேசை விரிப்பு, வெள்ளிக் கரண்டி, மாலையில் உடை மாற்றும் துரைமார். கீழே பாயும் தகரப் பெட்டியும் சோற்று வரிசையும். கடல் ஒன்று, காற்று ஒன்று. ஆனால் யார் எந்தத் தட்டு என்பதை உடையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

என் தாத்தா 1930-களில் அந்தக் கீழ்த்தட்டில் வந்தவர். ஒரு வாரப் பயணமும் ஒரே அழுக்கு வேட்டிதான். பெட்டிக்குள் துவைத்து மடித்த வெள்ளை வேட்டி ஒன்று இருந்தது. "ஏன் தாத்தா அத கட்டிக்கல?" என்று சிறு வயதில் கேட்டேன். "எறங்குறப்ப கட்டணும்டா. புது ஊரு. நம்மள பாக்குறவன் அழுக்குப் பயலேன்னு நெனைச்சிடக் கூடாதில்ல?" என்றார். காந்தியடிகளின் வரலாற்றைப் படித்தபோது எனக்குத் தாத்தாவின் ஞாபகம்தான் வந்தது. இரண்டு பேருமே இறங்குவதற்கென்று ஒரு வெள்ளை உடையைப் பெட்டிக்குள் காத்து வைத்திருந்தார்களே!

கப்பலை விட்டு இறங்கினாலும் அந்தத் தட்டுகள் விடவில்லை. தோட்டத்தில் துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். 1941-இல் நம் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச்.நாதன் முதலியோர் தலைமையில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. கூலி உயர்வோடு தொழிலாளர் வேறு என்ன கேட்டார்கள் தெரியுமா? துரைமார் முன்னால் சைக்கிளில் போகும் உரிமை வேண்டும், கள்ளுக்கடையை மூடவேண்டும், பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி வேண்டும் என்று கேட்டார்கள். பட்டாளம் வந்தது. துப்பாக்கி வெடித்தது. உயிர்கள் போயின. நாதன் நாடு கடத்தப்பட்டார். வயிற்றுக்குச் சோறு கேட்ட அதே மூச்சில், அவர்கள் மரியாதையையும் பள்ளிக்கூடத்தையும் கேட்டார்கள்.

நம்மவர் கட்டிய வேலி

எல்லாம் வெள்ளைக்காரன் செய்தது என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. 2014 சூலையில் சென்னையில் ஒரு நூல் வெளியீட்டு விழாவுக்குச் சென்ற உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன், வேட்டி கட்டியிருந்த காரணத்தால் தமிழ்நாடு கிரிக்கெட் சங்க மன்றத்துக்குள் அனுமதிக்கப்படவில்லை. சுதந்திரம் கிடைத்து அறுபத்தேழு ஆண்டுக்குப் பின், தமிழ்நாட்டின் தலைநகரில், ஒரு நீதிபதிக்கே இந்தக் கதி! நாடே கொதித்தது. மறு மாதமே தமிழ்நாடு சட்டமன்றம், வேட்டி கட்டியவரைப் பொது இடங்களில் தடுக்கக் கூடாதென்று சட்டம் இயற்றியது. மீறினால் மன்றத்தின் உரிமம் ரத்தாகும். அபராதமும் சிறையும் உண்டு.

நம் மலேசியாவில் நீண்ட கை பாத்தேக் சட்டை அரசாங்க விருந்துக்கும் முறையான உடையாக ஏற்கப்படுகிறது. கழுத்துப் பட்டை இல்லாவிட்டால் மரியாதை குறைந்துவிடும் என்று இங்கே யாரும் நினைப்பதில்லை.

என் பதில்

அந்தத் தந்தைக்கு நான் சொன்னது இதுதான். "ஐயா, பயணச்சீட்டு எடுக்கும்போதே கம்பெனியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். விருந்து இரவில் தேசிய உடையை ஏற்கும் கப்பல்கள் உண்டு. வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, தோளில் அங்கவஸ்திரம், அம்மாவுக்குப் பட்டுச் சேலை. பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ கிடைக்காததா? அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் மட்டும் வேண்டாம். உடுத்திக்கொள்ள மனமில்லையா, சாதாரண உடையில் சாப்பிட வேறு கூடமும் கப்பலில் இருக்கும். கோட்டுக்காகக் கடன் வாங்காதீர்கள்."

போய் வந்தவர் படம் காட்டினார். விருந்து மண்டபத்துப் படிக்கட்டில் வேட்டி சட்டையில் நிமிர்ந்து நிற்கிறார். அவர் தந்தை கீழ்த்தட்டில் வந்த அதே கடல்.

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது நம் வீட்டுப் பழமொழி. இன்று பரிசு வாங்க மேடையேறும் நம் பிள்ளைகளைப் பாருங்கள். வெள்ளைச் சட்டையும் நீலக் கால்சட்டையும் மடிப்புக் கலையாமல் இருக்கின்றன. வேலை முடிந்து களைத்து வந்த ஒரு தாய், நேற்றிரவு தூங்கப் போகுமுன் இஸ்திரி போட்டு மாட்டி வைத்த சட்டை அது. 1941-இல் கிள்ளானில் நின்றவர்கள் கேட்ட கல்வி, அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நம் முன்னே நடந்து வருகிறது. கைதட்டும்போது பிள்ளைக்கு மட்டும் தட்டாதீர்கள். அந்தத் தாய்க்கும் சேர்த்துத் தட்டுங்கள்.